புத்தாண்டுக்கு முன் நேர்ச்சைகளை அவிழ்க்கும் யூதர்கள்: இது என்ன கணக்கு?

நெடுந்தீவான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இஸ்ரேலில ஒரு வயசுபோன ஐயாவைப் பராமரிக்கிற வேலை செய்யிறன். அவையின்ர புத்தாண்டு ரோஷ் ஹஷானாவுக்கு முதல் நாள், காலமை ஜெபம் முடிஞ்ச கையோட ஒரு சடங்கு நடக்கும். மூண்டு பேர் கதிரையில இருப்பினம். ஒருத்தர் எழும்பி நிண்டு புத்தகத்தைப் பாத்துக் கடகடவெண்டு வாசிப்பார். இருக்கிற மூண்டு பேரும் ஒரு வசனத்தை மூண்டு தரம் சொல்லுவினம். பிறகு வாசிச்சவர் இருக்க, இருந்ததில ஒருத்தர் எழும்பி அதையே வாசிப்பார். நாலு பேரும் இப்பிடி மாறி மாறி. எங்கட ஐயாவுக்கு நிக்கேலாது, வீல்செயாரில இருந்தபடியே வாசிப்பார்.

பேர் "ஹத்தாரத் நெதாரீம்". வருசம் பிறக்க முதல், செய்த நேர்த்தி, சத்தியம் எல்லாத்தையும் அவிழ்த்து விடுறதாம். அந்த மூண்டு பேரும் சாமியார் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான். கடவுளிட்டச் சொன்ன வாக்கை அயலட்டை ஆக்கள் எப்பிடி இல்லாமல் ஆக்கலாம்? விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ.

கேள்விக்குறி:
இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! தேர்தல் வந்தால் கூட்டுறவு சங்கக் கடன் தள்ளுபடி, புத்தாண்டு வந்தால் சத்தியம் தள்ளுபடி. வருஷம் பூரா வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், கடைசி நாளில் நாலு நண்பர்கள் கூடி "உனக்கு நான், எனக்கு நீ" என்று துடைத்துவிடலாம். மதம் எதுவானாலும் மனிதன் தனக்கு ஒரு பின்வாசல் வைத்துக்கொள்வான் என்பதற்கு நல்ல உதாரணம்.

பனைவிளை ஜெபா:
எனக்கும் முதலில் அதிர்ச்சிதான். வேதாகமத்தில் எண்ணாகமம் 30-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ணினவன் தன் வாயிலிருந்து புறப்பட்டதை அப்படியே நிறைவேற்ற வேண்டும். உபாகமம் 23-இல், பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே, பண்ணாமலே இருந்தால் உன்மேல் பாவமில்லை என்று வருகிறது. பிரசங்கி 5-உம் அதையேதான் சொல்லும். சின்ன வயதில் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதி இது. மூன்று பேர் உட்கார்ந்து அவிழ்க்கலாம் என்று மோசேயின் ஐந்து ஆகமங்களிலும் ஒரு வரி கிடையாது. மகளின் பொருத்தனையைத் தகப்பனும், மனைவியுடையதைப் புருஷனும் ரத்து செய்யலாம் என்பது மட்டுமே உண்டு. இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?

ஏட்டுச்சுரைக்காய்:
ஜெபா அக்கா, நீங்கள் கேட்டதை யூத மத அறிஞர்களான ரபீக்களே கேட்டிருக்கிறார்கள். மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்ட நூல். அதில் ஹகீகா என்ற பகுதியில் ஒரு வரி வருகிறது: நேர்ச்சைகளை அவிழ்க்கும் அதிகாரம் அந்தரத்தில் பறக்கிறது, அது சாய்ந்து நிற்க வேதத்தில் ஒன்றுமில்லை. தங்கள் கையிலிருக்கும் அதிகாரத்துக்கு ஆதாரம் மெலிசு என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தவர்கள் அவர்கள். பின்னால் வந்தவர்கள் சில வசனங்களை எடுத்துக்காட்டி முட்டுக்கொடுத்தார்கள், அது வேறு கதை.

கேள்விக்குறி நண்பர் சொல்வதுபோல் இது "துடைப்பது" அல்ல. மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த விவாதங்களும் சேர்ந்த நூல் தல்மூத். அதில் நெதாரீம் (நேர்ச்சைகள்) என்று தனிப் பகுதியே இருக்கிறது, 11 அதிகாரம். அதில் பாதிக்கு மேல், ஒருவன் வாயிலிருந்து வந்த சொல் அவனைக் கட்டுமா கட்டாதா என்ற அலசல்தான். வழக்கை எடுத்துக்கொண்ட அறிஞர் இரண்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, சொன்னவன் அதை நினைத்து மனசார வருந்துகிறான். இரண்டு, ஒரு "திறப்பு": அன்றைக்கே இந்த விஷயம் தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாயா என்று கேட்பது. "மாட்டேன்" என்று அவன் சொன்னால், அந்த நேர்ச்சை தவறான எண்ணத்தில் பிறந்தது என்றாகிறது. அப்படியானால் அது அடியிலிருந்தே இல்லை.

ஒரு வழக்கு பாருங்கள். ஒருவன் தன் மனைவி தன்னால் எந்தப் பயனும் அடையக்கூடாது என்று நேர்ந்துவிட்டான். அப்படியென்றால் அவளை விலக்கி, திருமண ஒப்பந்தப்படி 400 தினார் கொடுக்க வேண்டும். "அப்பா விட்டுப்போனது 800, அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு 400. அவளுக்கு 200 போதும், எனக்கு 200 இருக்கட்டும்" என்று பேரம் பேசுகிறான். ரபீ அகிவா சொன்னது: "தலைமுடியை விற்றாவது முழுசாகக் கொடு." ஆள் ஆடிப்போய், "இது தெரிந்திருந்தால் நேர்ந்திருக்கவே மாட்டேனே" என்றான். உடனே அவிழ்த்துவிட்டார். சொல்லவைத்து வாங்கியிருக்கிறார் மனிதர்!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒருவன் தன் அக்கா மகளைக் கட்டமாட்டேன் என்று நேர்ந்துகொண்டான். (அக்கா மகளைக் கட்டும் முறை நமக்குப் புதிதல்ல.) அந்தப் பெண்ணை ரபீ இஷ்மாயேல் வீட்டுக்கு அழைத்துப்போய் அலங்கரித்தார்கள். அவளுக்கு ஒரு பல் பொய்ப்பல். ரபீ தன் சொந்தச் செலவில் தங்கத்தில் பல் கட்டிவிட்டார் என்கிறது தல்மூத். பிறகு அவனைக் கூப்பிட்டு, "நீ வேண்டாமென்று நேர்ந்தது இவளையா?" என்று கேட்க, "இல்லை" என்றான். நேர்ச்சை அவிழ்ந்தது. ரபீ அழுதாராம். இஸ்ரவேலின் பெண்கள் அழகிகள், வறுமைதான் அவர்களை விகாரமாக்குகிறது என்றாராம்.

கேள்விக்குறி:
கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உங்களிடம் பத்தாயிரம் வாங்கிவிட்டு "திருப்பித் தருவேன், சத்தியம்" என்கிறேன். புத்தாண்டுக்கு முதல் நாள் மூன்று பேர் முன்னால் நின்று அவிழ்த்துக்கொள்கிறேன். உங்கள் கதி?

மேலூர் வக்கீல்:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கடன் கடன்தான். அது நேர்ச்சையே இல்லை, அந்த மூன்று பேருக்கு அதில் ஆளுகை கிடையாது. ஒருவன் இன்னொருவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாலும், அந்த இன்னொருவனுக்குத் தெரியாமல் அவிழ்க்க முடியாது. இந்த விதிக்கு தல்மூத் சொல்லும் கதை எங்கள் பார் அசோசியேஷனில் சொல்லத் தக்கது.

யூதா நாட்டு அரசன் சிதேக்கியா, பாபிலோன் பேரரசன் நேபுகாத்நேச்சார் முயலை உயிரோடு தின்பதைப் பார்த்துவிட்டான். "வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்றான் பேரரசன். இவனும் பண்ணினான். பிறகு வாயை அடக்க முடியாமல் தவித்து, சனெதரீன் என்ற யூத உச்ச நீதிமன்றத்தின் பெரியவர்களிடம் போய்ச் சத்தியத்தை அவிழ்த்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். ஊர் சிரித்தது. பேரரசன் வந்தான். பெரியவர்களைக் கூப்பிட்டு, "உங்கள் வேதத்தைக் கொஞ்சம் எனக்கு விளக்குங்கள்" என்றான். வாசித்துக்கொண்டே போய் நேர்ச்சை அதிகாரத்துக்கு வந்தார்கள். "செய்த சத்தியத்தை மாற்ற முடியுமா?" "அறிஞரிடம் போனால் அவிழ்ப்பார்." "எதிராளி முன்னிலையிலா, அவன் இல்லாமலா?" "முன்னிலையில்." "அப்படியானால் என் விஷயத்தில் என்ன செய்தீர்கள்?" பதில் இல்லை. உட்கார்ந்திருந்த மெத்தையை உருவிப்போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

எதிராளி இல்லாமல் போட்ட எக்ஸ்பார்ட்டி ஆர்டர் செல்லாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தங்கள் உச்ச நீதிமன்றமே ஒரு அந்நிய அரசனிடம் மாட்டிக்கொண்டதைத் தங்கள் நூலிலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தூத்துக்குடி மச்சான்:
முயலை உயிரோடவா 😳

நெடுந்தீவான்:
வக்கீல் ஐயா, நன்றி. எங்கட ஐயாவிட்ட நேற்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க இதைப் பற்றிக் கதைச்சனான். அவர் சொன்னதில ரண்டு விசயம்.

ஒண்டு, நல்ல பழக்கம் எதையும் மூண்டு தரம் செய்தாலே, "இது நேர்ச்சை இல்லை" எண்டு முதலே சொல்லாமல் விட்டால், அது நேர்ச்சை மாதிரி ஆளைக் கட்டிப்போடுமாம். மூண்டு கிழமை ஒரு சங்கீதம் கூடுதலாப் படிச்சால், பிறகு விடேலாது. அதாலதான் இஞ்ச பக்தியான சனம் எதுக்கும் "பிலி நெதெர்" எண்டு சேத்துச் சொல்லுறது, நேர்ச்சை இல்லாமல் எண்ட கருத்தில. "நாளைக்கு வாறன், பிலி நெதெர்." "பால் வாங்கி வைக்கிறன், பிலி நெதெர்." நான் வந்த புதிசில இது ஏதோ சாட்டுச் சொல்லுறதெண்டு நினைச்சன். உண்மையில அப்பிடிச் சொல்லுற ஆக்கள்தான் சொன்ன நேரத்துக்கு வருவினம்.

மற்றது, அந்தப் புத்தகத்தில ஒரு வரியைக் காட்டினவர். செய்த நல்ல காரியங்களுக்காக நான் வருந்தேல்லை, அதுகளை நேர்ச்சை எண்ட பாசையில ஏற்றுக்கொண்டதுக்குத்தான் வருந்துறன் எண்டு அதில இருக்கு. தர்மத்துக்கு இவ்வளவு தாறன் எண்டு ஜெபஆலயத்தில சொன்ன காசு என்னாகும் எண்டு கேட்டனான். என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "அது ஏழையின்ர காசு. முதலே குடுத்திட்டன்" எண்டார்.

செண்பகம்:
எண்ணாகமம் 30 பற்றி யாரும் பேசாமல் தாண்டிப் போகிறீர்களே. பெண் ஒரு நேர்ச்சை செய்தால் அப்பாவோ புருஷனோ "செல்லாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆணுக்கு மட்டும் மூன்று பேர் கொண்ட நீதிமன்றம், விசாரணை, வருத்தம், தங்கப்பல். இதில் எது நியாயம்?

ஏட்டுச்சுரைக்காய்:
நியாயம் என்று நானும் சொல்லமாட்டேன். ரபீக்கள் அதைக் குறுக்கினார்கள் என்று மட்டும் சொல்லலாம். புருஷன் ரத்து செய்யக்கூடியது இரண்டு வகைதான்: அவள் தன்னை வருத்திக்கொள்ளும் நேர்ச்சை, இருவருக்கும் இடையிலான உறவைத் தொடும் நேர்ச்சை. அதுவும் காதில் விழுந்த அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள். தூங்கி எழுந்து யோசித்துச் சொல்லலாம் என்றால் காலாவதி. தகப்பன் அதிகாரம் மகளுக்குப் பன்னிரண்டரை வயதோடு முடிகிறது. விதவையும் விலக்கப்பட்டவளும் சொன்னது யார் தயவும் இல்லாமல் நிற்கும்.

புத்தாண்டுச் சடங்கில், மரபான குடும்பங்களில் மனைவி தன் சார்பாகவும் கேட்கும்படி கணவனிடம் சொல்லி அனுப்பலாம். பல பெண்கள், பாவ மன்னிப்புக்கான நோன்பு நாளான யோம் கிப்பூரின் மாலை ஜெபத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆண் பெண் சமம் என்று நடத்தும் சபைகளில் பெண்களே மூவராக உட்காருவதும் உண்டு.

செண்பகம்:
பொழுது சாய்வதற்குள் என்பது ஒரு ஆறுதலா? சரி, குறித்துக்கொண்டேன்.

தூத்துக்குடி மச்சான்:
ஏட்டண்ணே, யோம் கிப்பூர் மாலை ஜெபம்னா கோல் நித்ரே தானே? இதுவும் அதுவும் ஒண்ணா? யூடியூப்ல ஒருத்தர் "யூதர்கள் சத்தியத்தை நம்பாதே, வருஷா வருஷம் கேன்சல் பண்ணிடுவாங்க" னு ஒரு வீடியோ போட்டிருந்தாரு.

ஏட்டுச்சுரைக்காய்:
ஒன்றல்ல, பங்காளிகள். ஹத்தாரத் நெதாரீம் மூவர் முன்னால் தனி ஆள் கேட்பது. கோல் நித்ரே பத்து நாள் கழித்து, யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் சபை முழுக்க அரமேய மொழியில் பாடுவது.

கோல் நித்ரேவுக்கு முதல் எதிரிகள் யூத அறிஞர்களே. 9-ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த ராவ் அம்ராம் காவோன் அதை மூடப் பழக்கம் என்றார். 12-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரபேனு தாம், கடந்த ஆண்டு நேர்ச்சைகளை விசாரணையில்லாமல் மொத்தமாக அவிழ்ப்பது சட்டப்படி நிற்காது என்று வாதிட்டு, வரும் ஆண்டைக் குறிக்கும்படி வாசகத்தை மாற்றினார். இன்றைக்கும் அஷ்கெனசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு) சபைகளில் பெரும்பாலும் அவர் வாசகம்தான்.

வீடியோக்காரர் சொன்னது எண்ணூறு வருஷப் பழைய சரக்கு. 1240-இல் பாரீஸில் தல்மூதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு விவாதம் நடந்தது. யூத மதத்திலிருந்து மாறிப்போன நிக்கோலஸ் தோனின் இதே குற்றச்சாட்டை வைத்தார். பாரீஸின் ரபீ யெஹியேல் சொன்ன பதில்: இது அறியாமல் மீறிய நேர்ச்சைகளுக்கு, பிறருக்குக் கொடுத்த சத்தியத்துக்கு அல்ல. யார் கேட்டார்கள்?

மேலூர் வக்கீல்:
இதன் நீதிமன்ற வரலாறு கசப்பானது. ஐரோப்பாவில் யூதன் சாட்சி சொல்ல வந்தால் அவனுக்கென்று தனிச் சத்தியப்பிரமாணம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சட்டத் தொகுப்பு ஒன்று அவனைப் பன்றித்தோல் மேல் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கச் சொல்கிறது. பொய் சொன்னால் என்னென்ன சாபம் விழும் என்று அவன் வாயாலேயே சொல்லவைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில்கூட சில நாடுகளில் இது நீடித்தது. கோல் நித்ரே அதற்கு ஒரு சாக்கு. இந்த அவப்பெயருக்குப் பயந்தே 1844-இல் பிரன்ஸ்விக் நகரில் கூடிய சீர்திருத்த ரபீக்கள், கோல் நித்ரே அவசியமில்லை என்று முடிவெடுத்தார்கள். சனங்கள் விடவில்லை. ராகம் அப்படி.

கேள்விக்குறி:
பன்றித்தோல் விஷயத்தில் என் ஆத்திரம் உங்களோடுதான். ஆனால் ஒரு அரசு இன்றைக்கு என்ன செய்கிறது என்பதையும்

நெறியாளர்:
கேள்விக்குறி அவர்களின் பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. இஸ்ரேல், பாலஸ்தீன அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நேர்ச்சை மட்டும்.

பனைவிளை ஜெபா:
நேற்று இரவெல்லாம் வேதாகமத்தில் வரும் இஸ்ரவேல் தலைவன் யெப்தாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயாதிபதிகள் 11. யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாகக் கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணினான். வந்தது அவனுடைய ஒரே மகள், கையில் தம்புருவோடு. வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது என்று அழுதான். எங்கள் சபையில் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்க யாருக்கும் இஷ்டமில்லை. மாற்ற முடியும் என்று சொல்ல ஒரு ஆள்கூட அன்றைக்கு இல்லையா?

ஏட்டுச்சுரைக்காய்:
இருந்தார் என்கிறது மித்ராஷ், அதாவது வேதக் கதைகளுக்கு ரபீக்கள் சொன்ன விளக்கம். ஆசாரியன் பினெகாஸ் அப்போது உயிரோடு இருந்தார், அவிழ்க்க அவரால் முடியும். ஆனால் பினெகாஸ், "அவனுக்குத்தான் நான் வேண்டும், நான் ஏன் அவனிடம் போக வேண்டும்?" என்று உட்கார்ந்திருந்தார். யெப்தாவோ, "நான் இஸ்ரவேலின் தலைவன், நான் போய் அவர் வாசலில் நிற்பதா?" என்று இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் போய்விட்டாள். இருவரும் தண்டிக்கப்பட்டார்கள் என்று முடிகிறது கதை.

நெடுந்தீவான் முதலில் கேட்டாரே, அயலட்டை ஆட்கள் எப்படி அவிழ்க்கலாம் என்று. தேர்ந்த அறிஞர் ஒருவர் கிடைத்தால் அவர் ஒருவரே போதும். இல்லையென்றால் சாதாரண ஆட்கள் மூவர் போதும் என்பது சட்டம். பெரியவரைத் தேடிப் போகவேண்டியதில்லை, அவர் இறங்கி வருவாரா என்று பார்க்கவேண்டியதில்லை. உன் முன்னால் நின்று கேட்பவன் ஐந்து நிமிஷத்தில் உட்காருவான், நீ நிற்பாய். இது என் வாசிப்பு, எந்த ரபீயும் சொன்னதல்ல.

பனைவிளை ஜெபா:
இந்த மித்ராஷை இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லையே. நன்றி தம்பி.

கேள்விக்குறி:
கதைகளுக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது. ரபீ அகிவா விசாரித்தார், ரபீ இஷ்மாயேல் விசாரித்தார். இந்தப் புத்தாண்டுச் சடங்கில் யார் எதை விசாரிக்கிறார்கள்? அச்சடித்த தாளைக் கடகடவென்று வாசிக்கிறார்கள், நெடுந்தீவானே சொன்னார். எந்த நேர்ச்சை என்றே தெரியாமல் எதை அவிழ்க்கிறார்கள்?

ஏட்டுச்சுரைக்காய்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தத் தாளே இதை ஒத்துக்கொள்கிறது: "சட்டப்படி நேர்ச்சையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஆனால் அவை மிகப் பல, சொல்லி முடியாது" என்று ஒரு வாசகம் வரும். அடுத்தே "அவிழ்க்கக் கூடாத நேர்ச்சைகளை அவிழ்க்கும்படி நான் கேட்கவில்லை" என்றும் வரும். ஆகவே நினைவிலிருக்கும் நேர்ச்சையை மூவரில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பொதுவாசகம் மறந்துபோனவற்றுக்கு.

தாளின் கடைசிப் பகுதி வேறு. இனிமேல் நான் யோசிக்காமல் நேர்ந்தால் அது செல்லாது என்று முன்கூட்டியே அறிவிப்பது. இந்த அறிவிப்பின் வேர் தல்மூதின் நெதாரீம் பகுதியில் இருக்கிறது. அங்கே ஒரு சுவையான சண்டை. தல்மூத் கால அறிஞர் ராவ் ஹூனா பார் ஹினெனா இந்த வழியைப் பொதுக்கூட்டத்தில் போதிக்கப் போனார். இன்னொரு அறிஞர் ராவா தடுத்தார்: "மக்கள் நேர்ச்சையை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று பழைய ஆசிரியரே அதை மூடிவைத்தார், நீ போய் மேடையில் சொல்கிறாயா?" உங்கள் சந்தேகம் ராவாவுக்கும் இருந்தது, கேள்விக்குறி.

கேள்விக்குறி:
அப்படியானால் நான் ராவா கட்சி. மேடையில் சொல்லியிருக்கக் கூடாது.

நெடுந்தீவான்:
ஏட்டண்ணை சொன்னது இப்பதான் விளங்குது. வாசிக்கத் தொடங்க முதல் எங்கட ஐயா ஒருத்தரைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள்ள ஏதோ சொன்னவர். நான் சுகமில்லையோ எண்டு பயந்து ஓடிப்போனன், கையால தள்ளி விட்டிட்டார்.

தூத்துக்குடி மச்சான்:
அண்ணே அடுத்து எப்போ வருது? 2026-ல தேதி என்ன?

நெடுந்தீவான்:
செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை பின்னேரம் வருசம் பிறக்குது, அவையின்ர கணக்கில 5787. அப்ப அண்டைக்குக் காலமை இது. வெள்ளியெண்டபடியால் சமையல், குளிப்பு, உடுப்பு எல்லாம் பொழுதுபட முதல் முடிக்கவேணும், எனக்கு மூச்சுவிட நேரம் இராது. அடுத்த நாள் சனி, சபாத் எண்ட ஓய்வுநாள். அண்டைக்குப் புத்தாண்டுக்கு ஊதிற ஷோஃபார் கொம்பு ஊதமாட்டினம், ஞாயிறுதான்.